எல்லையைக் கடக்காதவர்

1932ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள். பெர்லினின் வடமேற்கு ஓரத்தில் உள்ள டேகல் சிறைச்சாலையின் முன்னே எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் இதழாளர்களும் திரண்டு நின்றனர். விடுதலையாகி வெளியே வரும் ஒருவரை வரவேற்க அவர்கள் வரவில்லை. உள்ளே செல்லும் ஒருவரை வழியனுப்ப வந்திருந்தனர். நாடக ஆசிரியர் எர்ன்ஸ்ட் டோலர், நாவலாசிரியர் அர்னால்ட் ஸ்வைக், வழக்கறிஞரும் பத்திரிகையாளருமான ருடோல்ஃப் ஓல்டன், மனித உரிமைக் கழகத்தின் செயலாளர் குர்ட் குரோஸ்மன் ஆகியோர் அக்கூட்டத்தில் இருந்தனர். நடுவே, சற்றே கூனிய தோள்களும் கூச்சம் நிறைந்த முகமும் கொண்ட 42 வயது மனிதர் ஒருவர். காவலர் எவரும் அவரை இழுத்து வரவில்லை. நண்பர்களின் கைகளைப் பற்றி விடைபெற்றுக்கொண்டு தாமே நடந்து உள்ளே போனார். அவர்தான் கார்ல் ஃபொன் ஒஸியெட்ஸ்கி.

பெயரில் உள்ள 'ஃபொன்' என்னும் சொல்லைக் கண்டு அவரைப் பிரபு குலத்தவர் என்று எண்ணிவிடலாகாது. பரம்பரைப் பெருமை பெயரோடு நின்றுவிட்டது. 1889 அக்டோபர் 3ஆம் நாள் ஹாம்பர்க் துறைமுக நகரில் அவர் பிறந்தார். மேல் சைலீசியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தந்தை, வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவர். மகனுக்கு இரண்டு வயதாகும்போதே இறந்துபோனார். தாய் பின்னர் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தை சிற்பி, சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். தொழிலாளர் கூட்டங்களின் பேச்சு சிறுவனின் காதில் விழத் தொடங்கியது அவ்வீட்டில்தான். பள்ளிப் படிப்போ அவருக்குக் கைகூடவில்லை. இடைநிலைத் தேர்வில் தேறாமல், நீதிமன்ற நிர்வாகத்தில் கீழ்நிலை எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தார். பகலில் பிறர் எழுதியதைப் படியெடுப்பதும் இரவில் கவிதை, நாடகம், வரலாறு என்று கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பதுமாக அவருடைய இளமை கழிந்தது. பிற்காலத்தில் ஜெர்மன் உரைநடையின் கூர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் கட்டுரைகளை எழுதியவர், பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாத இந்த எழுத்தர்தான்.

1913இல் மாட் என்னும் ஆங்கிலப் பெண்ணை அவர் மணந்தார். மறு ஆண்டே, இராணுவத்துக்குச் சார்பான ஒரு தீர்ப்பைக் கண்டித்து எழுதியதற்காக அபராதம் கட்ட நேர்ந்தது. பின்னாளில் வரவிருந்தவற்றுக்கு அது ஒரு முன்னோட்டம். 1916இல் படையில் சேர்க்கப்பட்டு மேற்குப் போர்முனையில் பணியாற்றித் திரும்பியபோது, போர் எதிர்ப்பு அவருக்கு வெறும் கொள்கையாக இல்லாமல் உடம்பில் ஊறிய அறிவாகிவிட்டிருந்தது. பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். ஜெர்மன் அமைதிச் சங்கத்தின் செயலாளராகச் சிறிது காலம் இருந்தார். 1919 இறுதியில் மகள் ரோஸலிண்டே பிறந்தாள். சங்க நடவடிக்கைகளும் கூட்டத் தீர்மானங்களும் விரைவிலேயே அவருக்குச் சலித்துவிட்டன. நாளிதழ்ப் பணிக்கு மாறினார். 1924இல் சில நண்பர்களோடு குடியரசுக் கட்சி ஒன்றையும் தொடங்கிப் பார்த்தார். அரசர் ஓடிப்போன பிறகு நாட்டுக்குக் குடியரசு கிடைத்திருந்தது. ஆனால் நீதிமன்றமும் படையும் அரசு அலுவலகமும் பழைய அரசரின் ஆட்களிடமே இருந்தன. குடியரசுக்குக் குடியரசுவாதிகள் வேண்டாமா என்பது அவருடைய கவலை. தேர்தலில் அக்கட்சி படுதோல்வியடைந்தது. அதன்பின் அவர் எந்தக் கட்சியிலும் நிலைத்திருக்கவில்லை.

1926இல் ஸீக்ஃப்ரீட் யாகோப்சோன் என்பவர் அவரைத் தம் வார இதழுக்கு அழைத்துக்கொண்டார். 'வெல்ட்பூனே', அதாவது உலக மேடை, என்பது அதன் பெயர். நாடக விமரிசன ஏடாகத் தொடங்கி அரசியலுக்கு விரிந்த இதழ் அது. சிவப்பு அட்டை. விற்பனை 15,000 பிரதிகள் அளவுதான். சிற்றிதழ் நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணிக்கையே பொறாமையூட்டும். ஆனால் இலட்சக்கணக்கில் விற்ற பெர்லின் நாளேடுகளுக்கு நடுவே அது சிறுபான்மையோரின் குரல்தான். ஆயினும் அமைச்சகங்களில் அவ்விதழைப் படிக்காமல் தள்ளிவைக்க முடியவில்லை. அவ்வாண்டின் இறுதியில் யாகோப்சோன் திடீரென்று காலமானார். இதழின் மிகக் கூரிய எழுதுகோலாக இருந்த குர்ட் டுகோல்ஸ்கி சில மாதங்கள் பொறுப்பேற்று நடத்தினார். ஓரிடத்தில் அமர்ந்து ஆசிரியப் பணி பார்ப்பது அவருடைய இயல்புக்கு ஒத்துவரவில்லை. 1927இல் பொறுப்பு ஒஸியெட்ஸ்கியிடம் வந்தது. நான்கு புனைபெயர்களில் எழுதிக் குவித்த டுகோல்ஸ்கியும், பேசக் கூச்சப்படும் ஒஸியெட்ஸ்கியும் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேறுபட்டவர்களோ அவ்வளவுக்கு இதழுக்கு வலுவாயினர். இதழ் இடதுசாரிக் கட்சிகளிடம் காட்டிய ஏளனம் சில வேளைகளில் அளவு மீறியதாகவும், தள்ளாடிக்கொண்டிருந்த குடியரசை அது மேலும் தள்ளிவிட்டதாகவும் பின்வந்த வரலாற்றாசிரியர் சிலர் குறை கூறினர். அக்குறையில் முழுப் பொய் இல்லை. ஆனால் குடியரசைக் கொன்றவர்கள் யாரென்று கேட்டால் விடை வேறு திசையில் இருக்கிறது.

1929 மார்ச் 12ஆம் நாள் இதழில் ஜெர்மன் விமானத் துறை பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் வால்டர் கிரைசர் என்னும் விமானத் தொழில் வல்லுநர்; போட்டிருந்தது புனைபெயர். வெர்சாய் உடன்படிக்கையின்படி ஜெர்மனி போர் விமானப் படை வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பொது விமானப் போக்குவரத்து என்ற போர்வையில் படைத்துறை அத்தகைய படைக்கான ஆயத்தங்களைச் செய்துகொண்டிருக்கிறது என்பதைக் கட்டுரையின் கடைசிப் பகுதி குறிப்பாகச் சுட்டியது. நாடாளுமன்றக் குழுவில் ஏற்கெனவே பேசப்பட்ட செய்திகள் அதில் இருந்தன. எனினும் வழக்குத் தொடரப்பட்டது. இரண்டரை ஆண்டு இழுத்தடித்து, 1931 நவம்பரில் லைப்சிக் நகரில் உள்ள உச்ச நீதிமன்றத்தில் மூடிய கதவுகளுக்குள் விசாரணை நடந்தது. ஆசிரியருக்கும் கட்டுரையாளருக்கும் ஆளுக்கு 18 மாதச் சிறை. குற்றம்: நாட்டின் இரகசியத்தைக் காட்டிக்கொடுத்தமை. அரசு சட்டத்தை மீறுவது குற்றமாகவில்லை. மீறுகிறது என்று சொன்னதே குற்றமாயிற்று.

கிரைசர் எல்லை தாண்டிப் பிரான்சுக்குப் போய்விட்டார். போனதோடு நில்லாமல் பாரிஸ் நாளேடு ஒன்றில் மேலும் பல விவரங்களை எழுதவும் செய்தார். அது ஊரில் இருந்தவருக்குப் பெரும் சங்கடமாக முடிந்தது. ஒஸியெட்ஸ்கியின் கடவுச்சீட்டை எவரும் பறிக்கவில்லை. அவரும் போய்விட்டால் அரசுக்குக்கூட நிம்மதிதான். நண்பர்கள் வற்புறுத்தினார்கள். அவர் இணங்கவில்லை. தம் நிலைப்பாட்டைச் சிறைக்குப் போகும் நாளன்று வெளிவந்த இதழில் விளக்கி எழுதினார். எல்லைக்கு அப்பால் போய் நின்றுகொண்டு தாய்நாட்டை நோக்கிப் பேசுகிறவனுடைய குரல் நாளடைவில் உள்ளீடற்றதாகிவிடும் என்பதும், சிறையில் கிடக்கும் ஆசிரியர் வெளிநாட்டில் வாழும் ஆசிரியரைவிட ஆட்சியாளர்களுக்கு அதிகத் தொல்லை தருவார் என்பதும் அவருடைய வாதம். அந்த வாதத்தில் வீராவேசம் இல்லை, கணக்கு இருந்தது. இந்தக் கணக்கின் முதற்பகுதி பிற்பாடு பொய்த்துப்போயிற்று. பொய்த்துப்போனதால்தான் இன்று உலகம் அவர் பெயரை அறிகிறது.

தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்குக்கு விண்ணப்பம் ஒன்று சென்றது. 42,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். தாமஸ் மன், ஐன்ஸ்டைன் ஆகியோர் ஆதரவு தெரிவித்தனர். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. டேகல் கதவு மூடியது. உள்ளே இருந்தபோதே இன்னொரு வழக்கும் அவரைத் தேடி வந்தது. போர்வீரர்களைக் கொலையாளிகளோடு ஒப்பிட்டு டுகோல்ஸ்கி எழுதிய ஒரு வாக்கியத்துக்காக, அதை வெளியிட்ட ஆசிரியரைக் கூண்டில் ஏற்றினார்கள். அந்த வழக்கில் அவர் விடுவிக்கப்பட்டார். அப்போது சுவீடனில் இருந்த டுகோல்ஸ்கி விசாரணைக்கு வரவில்லை. வந்தால் கைதாகலாம், தாக்கப்படலாம் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் தாம் அன்று வந்திருக்க வேண்டும் என்ற உறுத்தல் அவரைச் சாகும்வரை விடவில்லை. 1932 டிசம்பரில், கிறிஸ்துமஸ் பொது மன்னிப்பின் பயனாக ஒஸியெட்ஸ்கி வெளியே வந்தார்.

வெளியே இருந்தது பத்து வாரங்கூட இல்லை. 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பிரதமரானார். மீண்டும் நண்பர்கள் ஓடிப்போகச் சொன்னார்கள். கடன், மனைவியின் உடல்நலம், இதழின் எதிர்காலம் என்று காரணங்கள் இருந்தன. அவற்றோடு, இந்த ஆட்சி எவ்வளவு விரைவாகப் பாயும் என்பதை அவர் குறைத்து மதிப்பிட்டிருக்கவும் கூடும். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. விடிவதற்குள் காவலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். மார்ச் 7ஆம் நாளோடு இதழ் நின்றது. மே 10ஆம் நாள், அவர் டேகல் சிறைக்குள் நடந்து சென்று சரியாக ஓராண்டு நிறைந்த அன்று, பெர்லின் நகரின் நடுவே நூல்களைக் குவித்துத் தீயிட்டார்கள். டுகோல்ஸ்கி, ஒஸியெட்ஸ்கி ஆகிய இருவர் பெயரையும் சேர்த்துக் கூவி, அவர்களுடைய எழுத்துகள் நெருப்பில் எறியப்பட்டன.

முதலில் ஸ்பாண்டாவ் சிறை. பிறகு ஸோனன்பர்க் வதைமுகாம். அங்கே உடனிருந்தவர்களுள் ஒருவர் கவிஞர் ஏரிக் மூசாம். மறு ஆண்டு வேறொரு முகாமில் அவர் கொல்லப்பட்டார். 1934 பிப்ரவரியில் ஒஸியெட்ஸ்கியை ஹாலந்து எல்லையை ஒட்டிய எஸ்டர்வேகன் முகாமுக்கு மாற்றினார்கள். அந்த வட்டாரம் முழுவதும் புல்கரிச் சதுப்பு நிலம். முழங்கால்வரை புதையும் சேற்றில் நின்று மண்வெட்டியால் வெட்டி நிலத்தைத் திருத்துவது கைதிகளின் வேலை. எல்லைக்கு அப்பால் போக மறுத்தவர், எல்லை ஏறக்குறைய கண்ணுக்கு எட்டும் இடத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்தார். அடியும் உதையும் நாள்தோறும் உண்டு. நுரையீரல் கெட்டது.

இதற்குள் அவருடைய நண்பர்கள் நான்கு திசைகளிலும் சிதறியிருந்தனர். பாரிஸில் முதியவர் ஹெல்முட் ஃபொன் கெர்லாஹ்; ஒஸியெட்ஸ்கி டேகல் சிறையில் இருந்தபோது இதழைக் காத்தவர் அவர். ப்ராகில் குரோஸ்மன். லண்டனில் டோலரும் ஓல்டனும். ஸ்ட்ராஸ்பர்கில் பெர்டோல்ட் யாக்கோப். நாடில்லை, பலருக்குச் செல்லத்தக்க கடவுச்சீட்டில்லை. அடுத்த மாத வாடகைக்கு வழியில்லை. அவர்கள் முன்னே ஒரு கேள்வி நின்றது. உரத்துக் குரல் எழுப்பினால் முகாமில் இருப்பவர்மீது கோபம் பாயுமா? மௌனமாக இருந்தால் ஒருநாள் இரவில் சத்தமின்றிக் கொன்று புதைத்துவிடுவார்களா? இரண்டுக்கும் எடுத்துக்காட்டுகள் அவர்கள் கண்முன் இருந்தன. இக்கேள்விக்கு அன்றும் சரியான விடை எவரிடமும் இல்லை. பின்னாட்களில் சிறைப்பட்ட தலைவர்களுக்காக வெளியிலிருந்து போராடியவர்கள் ஒவ்வொருவரும் இதே கேள்வியை எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

அமைதிக்கான நோபல் பரிசை அவருக்குக் கேட்கலாம் என்ற எண்ணம் 1934இல் யாக்கோபிடம் தோன்றியது. வெறும் கண்டனத் தீர்மானத்தைக் குப்பையில் எறிந்துவிடலாம். உலகறிந்த ஒரு பரிசை எறிந்துவிட முடியாதல்லவா? ஆனால் முதல் முயற்சி பயன் தரவில்லை. பரிசுக்குப் பெயரை முன்மொழிய எல்லோருக்கும் உரிமை கிடையாது. நாடாளுமன்ற உறுப்பினர், சட்டம், வரலாறு, தத்துவம் போன்ற துறைகளின் பேராசிரியர், முன்பு அமைதிப் பரிசு பெற்றவர் எனக் குறிப்பிட்ட சிலருக்கே உண்டு. அதுவும் பிப்ரவரி முதல் நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். 1935 மார்ச்சில் யாக்கோபையே ஜெர்மன் இரகசியக் காவல் துறையின் ஆட்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து கடத்திப் போனார்கள். சுவிஸ் அரசு விடாப்பிடியாக நின்று ஆறு மாதத்துக்குப் பின் அவரை மீட்டது. எல்லைக்கு அப்பால் இருப்பதாலேயே எவரும் பாதுகாப்பாக இல்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

முயற்சியைத் தாங்கி நடத்தியவர்களுள் முதலிடம் ஹில்டே வால்டர் என்னும் பெண்மணிக்கு உரியது. அவரும் முன்பு 'வெல்ட்பூனே'யில் எழுதியவர்தான். பாரிஸில் இருந்துகொண்டு ஓயாமல் கடிதம் எழுதினார். அவர் வகுத்த வழி நுட்பமானது. பேரணி வேண்டாம், சுவரொட்டி வேண்டாம், கட்சிப் பெயர் வேண்டாம். இடதுசாரிகளின் கையொப்பங்கள் மட்டும் சேர்ந்தால் பெர்லின் அதை ஒரு சொல்லில் ஒதுக்கிவிடும். ஆகவே பழமைவாதிகள், பாதிரிமார், பேராசிரியர்கள், மதிப்பு மிக்க பத்திரிகை ஆசிரியர்கள் பேச வேண்டும். அவரவர் நாட்டுக்கு ஏற்ற மொழியில், அவரவருக்கு ஏற்ற காரணத்தோடு வேண்டுகோள்கள் போயின. இங்கிலாந்தில் 'டைம்ஸ்' இதழின் முன்னாள் ஆசிரியர் விக்காம் ஸ்டீட் உதவினார். ரோமேன் ரோலந்து, பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், ஐன்ஸ்டைன் போன்றோர் துணை நின்றனர். அதுவரை ஹிட்லர் ஆட்சியை வெளிப்படையாகப் பகைத்துக்கொள்ளாமல் இருந்த தாமஸ் மன், 1935இல் நோபல் குழுவுக்குக் கடிதம் எழுதினார். இவ்வளவும் நடந்தது ஒரு தட்டச்சுப் பொறி, அஞ்சல் தலை வாங்கக் கடன், சில நண்பர்களின் உழைப்பு ஆகியவற்றைக் கொண்டுதான்.

பரிசு தீர்மானிக்கப்படும் ஊரான ஆஸ்லோவில், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த 21 வயது இளைஞர் ஒருவர் தங்கியிருந்தார். நார்வே மொழியை விரைவில் கற்றுக்கொண்டு, தொழிற்கட்சிக்காரர்களிடம் நெருங்கிப் பழகியவர். வில்லி பிராண்ட் என்பது அவர் சூடிக்கொண்டிருந்த தலைமறைவுப் பெயர். நாடாளுமன்ற உறுப்பினர்களையும் பத்திரிகையாளர்களையும் தேடிச் சென்று ஒஸியெட்ஸ்கி யார் என்று விளக்குவது அவர் ஏற்ற பணி. அரசியலில் அதுவே அவருக்கு நல்ல பயிற்சியாயிற்று.

1935 நவம்பரில் நோபல் குழு கூடியது. அவ்வாண்டு பரிசு எவருக்கும் இல்லை என்று அறிவித்தது. நார்வே சிறிய நாடு. ஜெர்மனியோ பெரிய அண்டை வல்லரசு. அதே மாதத்தில் எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஓர் அடி விழுந்தது. நட் ஹாம்சன் ஒஸியெட்ஸ்கியைத் தாக்கி நார்வே நாளேடுகளில் எழுதினார். க.நா.சு.வின் மொழிபெயர்ப்பில் 'நிலவளம்' படித்து அந்த மண்ணின் மனிதர்களோடு உறவாடிய தமிழ் வாசகர்களுக்கு இச்செய்தி கசக்கும். ஒஸியெட்ஸ்கி விரும்பியிருந்தால் தப்பிப் போயிருக்கலாம், தியாகி ஆகும் ஆசையால் தங்கினார் என்பது ஹாம்சனின் ஏளனம். 1920இல் நோபல் பரிசு பெற்ற பேரெழுத்தாளர், பதில் சொல்ல இயலாமல் முள்வேலிக்குள் கிடந்த ஒருவரை நோக்கி இதைச் சொன்னார். நார்வே எழுத்தாளர்கள் 33 பேர் கையொப்பமிட்டுக் கண்டன அறிக்கை விட்டனர். ஒரு நாட்டின் எழுத்தாளர்கள் தங்கள் மொழியின் மிகப்பெரிய உயிருள்ள எழுத்தாளருக்கு எதிராக, முன்பின் பார்த்திராத அயல்மொழிப் பத்திரிகையாளர் ஒருவருக்காக அணிவகுத்தார்கள். அம்முயற்சியின் நெடுங்கதையில் இதைவிடப் பெருமைக்குரிய பகுதி இல்லை.

ஹாம்சனைப் படித்து வளர்ந்த டுகோல்ஸ்கிக்கு இந்த அடி ஆழமாகப் பட்டது. சுவீடனில் நோயோடும் கசப்போடும் தனித்திருந்த அவர், எழுதுவதையே பெரும்பாலும் விட்டுவிட்டிருந்தார். நண்பருக்காக மட்டும் எழுதுகோலை மீண்டும் எடுத்தார். பரிசு முயற்சிக்காகக் கடிதங்கள் எழுதினார். ஹாம்சனுக்கு மறுப்பு எழுதி வெளியிட முயன்றார். 1935 டிசம்பர் 21ஆம் நாள், அளவு மீறிய தூக்க மருந்தால் அவர் உயிர் பிரிந்தது. பரிசுச் செய்தியை அவர் கேட்கவில்லை.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் சுவிஸ் நாட்டு அறிஞர் கார்ல் யாக்கோப் பர்க்ஹார்ட் எஸ்டர்வேகன் முகாமைப் பார்வையிட்டார். ஒஸியெட்ஸ்கியைக் காண வேண்டும் என்று விடாப்பிடியாகக் கேட்டார். இரண்டு காவலர்கள் தாங்கிப் பிடித்து ஓர் உருவத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நடுங்கும் உடல், வெளிறிய முகம், ஒரு கண் வீங்கியிருந்தது, பற்கள் உடைந்திருந்தன, ஒழுங்காகப் பொருந்தாத முறிந்த காலை இழுத்து இழுத்து வந்தார். வெளியே உள்ள நண்பர்களுக்கு நன்றி சொல்லும்படியும், தம் கதை முடிவை நெருங்கிவிட்டது, அது நல்லதே என்று தெரிவிக்கும்படியும் அவர் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டதாகப் பர்க்ஹார்ட் தம் நினைவுகளில் பதிந்துள்ளார். நண்பர்கள் என்று ஒரு கூட்டம் வெளியே இருக்கிறது, அது தம்மை மறக்கவில்லை என்ற செய்தி எப்படியோ அந்தச் சதுப்புவரை போய்ச் சேர்ந்திருந்தது.

1936 ஆகஸ்டில் பெர்லினில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடக்கவிருந்தன. உலகத்தின் கண்கள் அங்கே திரும்பும் வேளையில், உலகமே பேசும் ஒரு கைதி முகாமில் செத்துப்போவது ஆட்சிக்கு உகந்ததாக இல்லை. பரிசுக்கான முன்மொழிவுகளும் இம்முறை வெள்ளமாகப் பெருகின. நார்வே, சுவீடன், சுவிட்சர்லாந்து, செக்கோஸ்லோவாக்கியா நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூட்டாகக் கையொப்பமிட்டு அனுப்பினர். மே மாத இறுதியில் ஒஸியெட்ஸ்கி பெர்லினில் காவல் துறை மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். கடுமையான காசநோய் என்று மருத்துவர்கள் கண்டனர். நவம்பர் 7ஆம் நாள் பெயரளவில் விடுதலை கிடைத்தது, கண்காணிப்பு நீங்கவில்லை.

அவரைக் கோயரிங் நேரில் அழைத்துப் பேசியதும் இந்நாட்களில்தான். பரிசை மறுத்துவிட்டால் இனி வாழ்வு அமைதியாக இருக்கும். ஏற்றால் ஜெர்மன் சமுதாயத்திலிருந்து விலக்கப்பட்டவராவார். பேரம் இவ்வளவுதான். எதிரே நின்றவரோ எழுந்து நிற்கவே வலுவற்ற நோயாளி. 1936 நவம்பர் 23ஆம் நாள் நோபல் குழு தீர்மானித்தது. முந்தின ஆண்டுக்கென நிறுத்தி வைத்த பரிசு ஒஸியெட்ஸ்கிக்கு. மருத்துவமனையிலிருந்து அவர் பரிசை நன்றியோடு ஏற்பதாகச் செய்தி அனுப்பினார். மூன்று ஆண்டுக்கு மேல் முகாமில் இருந்தவரிடம் எஞ்சியிருந்த ஒரே ஆயுதம் சம்மதம் என்ற சொல்தான். வெளியிலிருந்த நண்பர்கள் கதவுவரைதான் கொண்டுவந்து சேர்க்க முடிந்தது. கடைசி அடியை அவர் தாமே எடுத்து வைக்க வேண்டியிருந்தது. எடுத்து வைத்தார்.

பரிசு பெற அவர் ஆஸ்லோவுக்குப் போகத் தடையில்லை என்று பரப்புரை அமைச்சகம் வெளியே சொன்னது. கடவுச்சீட்டு மட்டும் தரப்படவில்லை. டிசம்பர் 10 விழாவுக்கு நார்வே மன்னர் ஹாக்கன் வரவில்லை. வெளியுறவு அமைச்சர் ஹால்வ்டான் கோட், முன்னாள் பிரதமர் மொவிங்கல் ஆகிய இருவரும் தீர்மானத்துக்கு முன்பே குழுவிலிருந்து விலகிக்கொண்டிருந்தனர். குழுவின் முடிவு அரசின் முடிவல்ல என்று காட்டிக்கொள்வது அவர்கள் நோக்கம். நார்வேயின் பெரிய நாளேடுகளிலும் கண்டனம் எழுந்தது. ஆக, இன்று கொண்டாடப்படும் அந்த முடிவை எடுத்த வேளையில் குழு தன் நாட்டிலேயே பாதித் துணையோடுதான் நின்றது. பின்னர், பதவியில் இருக்கும் அமைச்சர் எவரும் குழுவில் இருக்கலாகாது என்று விதி செய்யப்பட்டது. பிராண்டும் இந்த விழாவில் இல்லை. அந்த இலையுதிர் காலத்தில் அவர் நார்வே மாணவராக வேடமிட்டு, போலிக் கடவுச்சீட்டுடன் பெர்லினிலேயே தலைமறைவாக இயங்கிக்கொண்டிருந்தார். யாருக்காக உழைத்தாரோ அவர் கிடந்த அதே நகரம். சென்று பார்க்க வழியில்லை.

ஹிட்லரின் சினம் 1937 ஜனவரி 30ஆம் நாள் ஆணையாக வெளிவந்தது. இனி எந்த ஜெர்மானியரும் எக்காலத்தும் எந்த நோபல் பரிசையும் ஏற்கலாகாது. இதனால் ரிச்சர்ட் கூன், அடால்ஃப் பூட்டெனன்ட், கெர்ஹார்ட் டோமாக் ஆகிய அறிவியலாளர்கள் தங்களுக்குக் கிடைத்த பரிசை மறுக்க நேர்ந்தது. சல்ஃபா மருந்தின் ஆற்றலைக் கண்டறிந்த டோமாக்கைக் கைது செய்தும் வைத்தார்கள்.

ஏறத்தாழ ஒரு இலட்சம் மார்க் மதிப்புள்ள பரிசுத் தொகை ஒஸியெட்ஸ்கி குடும்பத்துக்கு உதவியிருக்க வேண்டும். அதைப் பெற்று நிர்வகிக்க முன்வந்த வழக்கறிஞர் பெரும்பகுதியைச் சுருட்டிக்கொண்டார். 1938 தொடக்கத்தில் அவ்வழக்கில் சாட்சி சொல்ல, உடல் நைந்த ஒஸியெட்ஸ்கி மீண்டும் நீதிமன்றப் படி ஏறினார். மோசடி செய்தவர் தண்டிக்கப்பட்டார். பணம் போனது போனதுதான். பெர்லினின் வடபகுதியில் ஒரு சிறிய மருத்துவமனையில், இரகசியக் காவலரின் கண்காணிப்பில், மாட் உடனிருக்க நாட்கள் கழிந்தன. மகள் ரோஸலிண்டேயை 1933க்குப் பின் டோலரின் உதவியால் இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார்கள். தந்தையும் மகளும் மீண்டும் சந்திக்கவில்லை. 1938 மே 4ஆம் நாள் ஒஸியெட்ஸ்கி இறந்தார். வயது 48. கல்லறையில் பெயர் பொறிக்க ஆட்சி இசையவில்லை.

கடிதம் எழுதிய கைகளும் நெடுநாள் நீடிக்கவில்லை. கெர்லாஹ் 1935இலேயே பாரிஸில் காலமாகியிருந்தார். டோலர் 1939இல் நியூயார்க் விடுதி ஒன்றில் தற்கொலை செய்துகொண்டார். 1940இல் கனடாவுக்குச் சென்ற கப்பல் தாக்கப்பட்டு ஓல்டன் கடலில் மூழ்கினார். யாக்கோபை 1941இல் லிஸ்பனிலிருந்து இரண்டாம் முறையாகக் கடத்தினார்கள். இம்முறை மீட்பார் இல்லை, 1944இல் பெர்லினில் உயிரிழந்தார். போர் முடிந்த மறு ஆண்டு மாட் கிழக்குப் பெர்லினில் 'வெல்ட்பூனே'யை மீண்டும் தொடங்க உதவினார், 1974இல் மறைந்தார். 1971இல் அமைதிப் பரிசு பெற ஆஸ்லோ வந்த மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட், தம் உரையில் ஒஸியெட்ஸ்கியின் பெயரை நினைவு கூர்ந்தார்.

எஸ்டர்வேகனுக்கு அருகே ஓல்டன்பர்கில் 1970களில் ஒரு புதிய பல்கலைக்கழகம் எழுந்தது. ஆசிரியரும் மாணவரும் அதற்கு ஒஸியெட்ஸ்கி பெயரைச் சூட்ட விரும்பினர். மாநில அரசு மறுத்தது. கட்டடத்தில் பொருத்திய எழுத்துகளைக் காவலர் துணையோடு அகற்றினார்கள். அப்பெயர் சட்டப்படி வழங்கியது 1991இல்தான். அதே ஆண்டுகளில், சுவீடனில் வாழ்ந்துவந்த ரோஸலிண்டே, 1931 தீர்ப்பை மறுவிசாரணை செய்யக் கோரி ஜெர்மன் நீதிமன்றத்தை நாடினார். முன்வைக்கப்பட்ட ஆவணங்கள் புதிய விசாரணைக்குப் போதாதவை என்று சொல்லி, 1992 டிசம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளியது. தந்தை குற்றவாளி என்னும் தீர்ப்பு ஏட்டில் அப்படியே இருக்க, 2000ஆம் ஆண்டில் மகள் காலமானார்.